மெதுவா நடந்தாத்தான் மாமல்லபுரம் தெரியும்!

காலையில் கடலோரமாக 5 கிலோமீட்டர்... மத்தியானம் மரநிழல்... சாயந்தரம் கற்கோயில். முட்டிவலி மாமியாரையும், சர்க்கரை இருக்கிற மாமனாரையும் காரிலேயே உட்கார வைக்காமல், குடும்பத்தோடு போய்வர ஒரு நாள் நடை!

மாமல்லபுரம் போகாதவர்கள் நம்மில் யார்? ஸ்கூல் எக்ஸ்கர்ஷன், உறவுக்காரர் வந்தால் ஒரு ட்ரிப், கல்யாணமான புதுசில் ஒரு ட்ரிப் என்று எப்படியும் இரண்டு மூன்று தடவை போயிருப்பீர்கள். ஆனால், என்ன பார்த்தீர்கள்?

காலை 11 மணிக்கு உச்சி வெயிலில் போய் இறங்குவது. ஐந்து ரதம் முன்னால் ஒரு போட்டோ, வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ. வறுத்த மீனோ, தயிர்சாதமோ சாப்பிட்டுவிட்டு 4 மணிக்கெல்லாம் வண்டியைக் கிளப்புவது. இதுதானே நடக்கிறது?

இதில் இன்னொன்றும் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்கப்பா, எனக்கு முட்டி ஒத்துக்காது. நான் கார்லயே இருக்கேன்" என்று ஒருவர் பின்தங்கிவிடுவார். அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், ஐம்பதைத் தாண்டிய உங்கள் கணவராகவும் இருக்கலாம். நாமும், "சரி, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அவருக்கு நடக்க முடியாமல் இல்லை. நம் வேகத்துக்கு நடக்க முடியவில்லை, அவ்வளவுதான்! இப்படி நாலு தடவை உட்கார வைத்தால், ஐந்தாவது தடவை அவர் வீட்டை விட்டே கிளம்பமாட்டார். கால் உபயோகம் குறையக் குறைய தசை இளைக்கும். தசை இளைத்தால் முட்டி மேல் பாரம் கூடும். முட்டி வலித்தால் நடை இன்னும் குறையும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும்.

அதற்குத்தான் இந்த நடை. இதற்கு ஒரே ஒரு சட்டம்தான்: குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவர்தான் முன்னால் போகவேண்டும். மற்றவர்கள் அவர் பின்னால்!

எங்கிருந்து எங்கே?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வடக்குப் பக்கக் கடற்கரையில் ஆரம்பித்து, கடலோரமாகவே வடக்கே நடந்தால் சாளுவன்குப்பம் வரும். புலிக்குகை இருக்கிற ஊர். தூரம் சுமார் 5 கிலோமீட்டர். வழி தவறவே முடியாது. வலது கைப்பக்கம் கடல் இருந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்! இடது பக்கம் கூப்பிடு தூரத்தில் ஈ.சி.ஆர். சாலை கூடவே வரும். முடியவில்லை என்றால் ஏதாவது ஒரு சந்து வழியாக மேலேறி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துவிடலாம். முதல் தடவை நடக்கிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?

"அஞ்சு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்துல போய்டலாமே" என்பார் வீட்டில் இருக்கிற இளவட்டம். போகலாம், ரோட்டில்! மணல் வேறு சமாசாரம். பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கெட்டித் தரையில் நடப்பதைவிட, அதே வேகத்தில் மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறதாம். ஒவ்வொரு அடியிலும் கால் புதைகிறது, மணல் பின்னால் நழுவுகிறது, மறுபடி உந்தித் தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே பொலபொல மணலில் 5 கிலோமீட்டர் என்பது உடம்புக்கு 10 கிலோமீட்டருக்கு மேலே!

அலை வந்து நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் இந்தக் கஷ்டம் பெருமளவு குறைந்துவிடும். அது கெட்டியாக, சிமெண்ட் தரைக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஈரப் பட்டைதான். அது எப்போது அகலமாகக் கிடைக்கும் என்பதற்கு உங்கள் வீட்டு தினசரி காலண்டரும் உதவும்.

காலண்டரைப் பாருங்க!

கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 6 மணி நேரம். தினமும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அந்த நாட்களில் நீர் இறங்கியிருக்கும் வேளையாகப் பார்த்துப் போனால் நடக்க அகலமான ஈர மணல் கிடைக்கும். ஏறியிருக்கும் வேளையில் போனால் பொலபொல மணலில்தான் மல்லுக்கட்ட வேண்டும். நேரத்தை செல்போனிலும் பார்க்கலாம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம், "அண்ணே, தண்ணி எப்ப இறங்கும்?" என்று கேட்டாலே போதும், சொல்லிவிடுவார்.

மாதம்? மார்கழிப் பின்பாதியிலிருந்து மாசி வரை அருமை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, புயல் பயம். அந்தச் சமயம் கரையை அலை அரித்து, நடக்கிற இடமே குறுகிப்போகும். பங்குனிக்கு மேல் வெயில். சித்திரை, வைகாசியில் போயே தீரவேண்டும் என்றால் காலை 8 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் முன்னாடியே...

"ஞாயித்துக்கிழமை போறோம்" என்று சனிக்கிழமை ராத்திரி முடிவு பண்ணாதீர்கள். முதல் வாரம் தினமும் 20 நிமிடம் தெருவில் நடை. இரண்டாவது வாரம் 30. மூன்றாவது வாரம் 45. கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போகப்போகிற அதே செருப்போடு நடந்து பழகுங்கள். பயணத்துக்காகப் புதுச் செருப்பு வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கொப்புளத்துக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும்!

வேகம் சரிதானா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேசமுடிய வேண்டும். ஆனால் பாடமுடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். முழுப் பாட்டையும் பாடமுடிகிறதா? கவலையில்லை, இன்றைக்கு யாரும் ரேஸ் ஓடவில்லை.

நெஞ்சுவலி வந்தவர்கள், ஆஞ்சியோ, பைபாஸ் ஆனவர்கள், கர்ப்பிணிகள், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் எல்லாரும் கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிளட் பிரஷருக்காக நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான். வெயில், வியர்வை, மாத்திரை மூன்றும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

பையில் என்னென்ன?

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். உப்பு போட்ட நீர்மோர் ஒரு பாட்டில், அல்லது இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். குளுக்கோஸ் பொடி. பொட்டுக்கடலை, வாழைப்பழம், பிஸ்கட். குடை, தொப்பி. பிளாஸ்திரி, பஞ்சு. வழக்கமான மாத்திரைகள், அவற்றின் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. சின்ன டவல். குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பை.

ஒரு விஷயம்... இளநீர் நல்லதுதான், ஆனால் எல்லாருக்கும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கும் இதய நோயாளிகளும், "வெயிலாச்சே" என்று இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது.

காலை 6.15: கிளம்பலாமா?

தை மாதத்தில் இங்கே சூரியன் கடலிலிருந்து கிளம்ப 6.30 மணி ஆகிவிடும். அதற்குக் கால்மணி முன்னால் கரைக்கு வந்துவிடுங்கள். வெறும் வயிறு வேண்டாம். காபியோடு இரண்டு பிஸ்கட்டாவது உள்ளே போகட்டும். முதல் 10 நிமிடம் நின்ற இடத்திலேயே கணுக்காலைச் சுழற்றுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. பேரப் பிள்ளைகளோடு செய்தால் பாட்டிக்கும் வெட்கம் போய்விடும்.

தெற்கே திரும்பிப் பாருங்கள். கடற்கரைக் கோயில்! ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தது. 1,300 வருஷமாக உப்புக்காற்றைத் தின்றுகொண்டு நிற்கிறது. ஒரே பாறையைக் குடைந்த ரதங்கள் மாதிரி இல்லாமல், கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. கிழக்கேயும் மேற்கேயும் பார்த்து இரண்டு சிவன் சன்னதி, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் இந்த ஊரை 'ஏழு கோயில்' என்று அழைத்தார்கள். மிச்சம் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்பது ஊர்க் கதை. உள்ளே போய்ப் பார்ப்பதைச் சாயந்தரத்துக்கு வைத்துக்கொள்வோம். இப்போது வெயில் ஏறுவதற்குள் வடக்கே நடக்கலாம்.

6.45: படகு கரையேறும் நேரம்

கொஞ்ச தூரத்திலேயே மீனவர் குடியிருப்பு. ராத்திரி போன படகுகள் திரும்பியிருக்கும். வலையிலிருந்து மீனைப் பிரிப்பார்கள், ஏலம் நடக்கும், பெண்கள் கூடையோடு நிற்பார்கள். பத்து நிமிடம் இங்கே நின்று வேடிக்கை பாருங்கள். முட்டிவலிக்காரருக்கு இது முதல் ஓய்வு. அவர் கேட்காமலே கிடைத்துவிட்டது பாருங்கள்!

ஆனால் இது அவர்கள் வேலை செய்கிற இடம். காயப்போட்ட வலையை மிதித்துக்கொண்டு நடக்காதீர்கள். போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். தூண்டில் முள், மீன் முள், உடைந்த பாட்டில் எல்லாம் மணலில் கிடக்கும். இங்கே யாருக்கும் வெறுங்கால் வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருஷத்துக்கு மேலானவர்கள் பயணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

7.15: இனிமேல்தான் நடை

ஊர் முடிந்ததும் கடல், மணல், சவுக்கு, நடுநடுவே ரிசார்ட்டுகள். இங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். வடக்கே நடக்கும்போது வலது கால் எப்போதும் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும், இடது கால் மேட்டில். ஒரு மணி நேரம் இப்படியே நடந்தால் இடுப்பும் முட்டியும் முணுமுணுக்க ஆரம்பிக்கும். ஆகவே சரிவு குறைந்த, தட்டையான ஈரப் பட்டையாகப் பார்த்து நடங்கள். அப்படி இடம் இல்லையென்றால் கால்மணிக்கு ஒரு தடவை நின்று, கொஞ்சதூரம் வந்த வழியே திரும்பி நடந்துவிட்டு மறுபடி தொடருங்கள்.

இரண்டு, வெயிலும் வலது பக்கமிருந்துதான் அடிக்கும். குடையை வலது கையில் பிடியுங்கள். மேலேயிருந்து வரும் வெயில் மட்டும் என்று நினைக்காதீர்கள். புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைக் காய்ந்த மணலும், 25 சதவீதத்தைக் கடல் நுரையும் திருப்பி அனுப்பும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொப்பி போட்டிருந்தும் தாடையும் மூக்கும் கறுத்துப்போவது இதனால்தான்!

வழியில் பார்க்க எவ்வளவு இருக்கிறது! மணல்மேட்டில் ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருப்பது அடம்பங்கொடி. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடியபோதெல்லாம் வந்த அதே கொடி. பந்து மாதிரி உருண்டு வருகிற முள் உருண்டை ராவணன் மீசைப் புல்லினுடையது. குழந்தைகள் அதன் பின்னால் ஓடட்டும், கையில் எடுக்கவேண்டாம், குத்தும். இரண்டு பக்கமும் துடுப்பு போட்ட மாதிரி அகலமான தடம் ஒன்று கடலிலிருந்து மேலேறி, திரும்பக் கடலுக்கே போயிருக்கிறதா? ராத்திரி முட்டையிட வந்த பங்குனி ஆமை! தை முதல் பங்குனி வரை வரும். அந்த இடத்தைத் தோண்டாமல், மிதிக்காமல் விலகிப் போங்கள்.

இந்தக் கரையை அலை அரித்துக்கொண்டே இருக்கிறது. எங்காவது கருங்கல் தடுப்பு வழிமறித்தால், கல் மேல் ஏறித் தாண்டும் சாகசம் வேண்டாம். பாசி வழுக்கும். மேலேறி, சாலைப் பக்கமாகச் சுற்றி வாருங்கள்.

20 நிமிடம் நடை, 10 நிமிடம் உட்கார்தல். இதுதான் கணக்கு. உட்காரும்போதெல்லாம் இரண்டு மடக்காவது தண்ணீர். கடற்காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனது என்பதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதே லேட்டாகத்தான்.

அம்மாக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை

"வழியில பாத்ரூம் இருக்காது, அதனால தண்ணியே குடிக்கல" - வெளியூர் கிளம்புகிற பெண்கள் பாதிப் பேர் சொல்வது இதுதானே? தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு வெயிலில் நடந்தால், மூன்றாம் நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுக்க வேண்டியதுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மணலில் கழிப்பறை கிடையாது என்பது உண்மைதான். ஆகவே ஊரிலேயே, கிளம்பும் முன் ஒரு தடவை. சாளுவன்குப்பத்தில் சாலைக்கு ஏறியதும் சாப்பிடுகிற இடத்தில் ஒரு தடவை. நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம்தான். இடையில் அவசரமென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மேலேறி ஆட்டோ பிடித்துவிடலாம். வீட்டு ஆண்களே, பயணத்தைத் திட்டமிடும்போது சாப்பாட்டுக் கடையை விசாரிக்கிற மாதிரி இதையும் விசாரித்து வையுங்கள். இதுவும் உங்கள் வேலைதான்!

சர்க்கரைக்காரர் சார், உங்களுக்கு!

கடற்கரை என்றதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க ஆசை வரும். உங்களுக்கு அது வேண்டாம். பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கிளிஞ்சல் வெட்டினாலும் தெரியாது, மணல் சுட்டாலும் தெரியாது. கோடையில் நடுப்பகல் மணலின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். உணர்ச்சி உள்ளவர் துள்ளிக் குதித்து ஓடிவிடுவார். உணர்ச்சி இல்லாதவர் நிதானமாக நடந்து வந்து, சாயந்தரம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்தக் கொப்புளம் புண்ணாகி, ஆறாமல், விரலை எடுக்கிற நிலைமை வரை போனவர்கள் உண்டு. பின்பக்கம் வார் வைத்த, விரல் மூடிய செருப்பு அல்லது காட்டன் சாக்ஸோடு கான்வாஸ் ஷூ போடுங்கள். மணல் உள்ளே போனால் உடனே உட்கார்ந்து தட்டிவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது, சர்க்கரை இறங்கிப்போவது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மணல் நடையில் இது வரலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அடையாளங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடற்கரையில் எல்லாருக்கும்தான் வியர்க்கும்! "வெயில்ல வேர்க்குது" என்று நினைத்து மேலும் நடந்துவிடுவோம். ஆகவே சந்தேகம் வந்தாலே உட்கார்ந்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு பிஸ்கட்டோ பழமோ சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்கு போன் செய்யுங்கள்.

இன்சுலின் பாட்டிலை வெயிலில் நிறுத்தின காருக்குள் வைத்துவிட்டு வராதீர்கள். அன்றைக்குத் தொடையில் போட்டுக்கொண்டு நடந்தால் இன்சுலின் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். எங்கே போடுவது, அளவு என்ன என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலுக்கு ஒரு கும்பிடு, தூரத்திலிருந்தே!

கணுக்கால் நனையலாம். அதற்கு மேல் வேண்டாம். மாமல்லபுரம் கடல் பார்க்கத்தான் சாது. எல்லா இடத்திலும் அலை உடைந்து நுரைக்கும்போது, நடுவில் ஓரிடம் மட்டும் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும். "இங்க அலையே இல்ல, குளிக்கலாம்" என்று இறங்குவது அங்கேதான். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் பாய்கிற வழி அது. நீச்சல் தெரிந்தவரையே இழுத்துக்கொண்டு போகும். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளை எத்தனை படித்திருக்கிறோம்! இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகரவேண்டும். கரையில் இருப்பவர் குதிக்காமல், கயிறோ கேனோ வீசி, மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லி மீனைத் தொடாதீர்கள், செத்ததும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

9.30: சாளுவன்குப்பம்

வந்து சேர்ந்தாச்சு! கரையிலிருந்து மேலேறி, சாலைப் பக்க வாசல் வழியாகப் புலிக்குகை வளாகத்துக்குப் போங்கள். புலிக்குகை என்று பெயரே தவிர, இருப்பது யாளி முகங்கள். ஒரு பாறையைச் சுற்றி வரிசையாக, வாய் பிளந்த யாளிகள். பக்கத்திலேயே அதிரணசண்ட மண்டபம் என்கிற குடைவரை. அதிரணசண்டன் என்பதும் ராஜசிம்மனின் பட்டப் பெயர்தான். ஒரே செய்தியை இரண்டு விதமான எழுத்தில் அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு அதிசயம். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையைப் புரட்டிப் போட்டபோது, மணலுக்குள் இருந்த பாறையில் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அவற்றில் ஒரு சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிய குறிப்பு. 2005-ல் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். செங்கல்லில் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது. கல்லாலான வேலும் கிடைத்தது! அடியில் இருக்கிற செங்கல் கட்டுமானம் பல்லவர்களுக்கும் முந்தையது என்கிறார்கள் தோண்டி எடுத்தவர்கள். காரில் வருகிறவர்கள் பலர் யாளியோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் நிதானமாக வந்தவர்கள். இதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிறகு மரத்தடியில் துண்டு விரித்து உட்காருங்கள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். 11 மணிக்கு மேல் நடை கிடையாது. சாலையில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து மாமல்லபுரம் திரும்பி, வயிறு முட்டாமல் ஒரு சாப்பாடு, நிழலில் ஒரு தூக்கம். 4 மணிக்கு மேல் கடற்கரைக் கோயிலை உள்ளே போய்ச் சுற்றிப் பாருங்கள். கேட் மூட 6 மணி ஆகும், அவசரமே இல்லை.

உடனே நிறுத்துங்க!

இவற்றில் எது வந்தாலும் நடையை அங்கேயே நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து உதவி கேளுங்கள்:

- நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி.
- உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு.
- தலைவலியோடு வாந்தி, பிதற்றல், தோல் அனலாகக் கொதிப்பது. இது வெயில் தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.
- முட்டி திடீரென்று வீங்குவது, கால் ஊன்ற முடியாமல் போவது.

"எல்லாரும் வந்திருக்காங்க, என்னால கெடக்கூடாது" என்று வலியை மறைக்கிறவர்கள்தான் நம் வீட்டில் அதிகம். அதனால் நீங்களே அடிக்கடி கேளுங்கள்.

ராத்திரி ஒரு வேலை பாக்கி

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். சர்க்கரை உள்ளவர் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அவருக்குக் குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துக் காட்டலாம், அல்லது பேத்தி பார்த்துச் சொல்லட்டும். சிவப்பு, கொப்புளம், கீறல் எதுவாக இருந்தாலும் "தானா ஆறிடும்" என்று விடாமல் மறுநாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கெண்டைக்கால் சதை இரண்டு நாள் வலிக்கும். அது நல்ல வலி, பயப்பட வேண்டாம். அதற்காகப் படுத்துவிடாமல் மறுநாள் தெருவில் 15 நிமிடம் மெல்ல நடந்தால் சீக்கிரம் விட்டுப்போகும். மூன்று வாரம் பழகிய நடையையும் விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பு அசையவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் கடற்கரையில் நடந்தால் அந்தக் கணக்கு நேராகாது!

அடுத்த தடவை எங்கே போகலாம்? தரங்கம்பாடியா, கன்னியாகுமரியா? அதை வீட்டில் மெதுவாக நடக்கிறவரிடம் கேளுங்கள். முன்னால் நடக்கப்போகிறவர் அவர்தானே, அவரே முடிவு பண்ணட்டும்!